சோறு இறங்காத தங்கச்சிக்காக மஸ்கெலியாவுக்கு

மஸ்கெலியா என்றதும் மலை ஏறப் போனேன் என்று நினைக்க வேண்டாம். நான் போனது சமைக்க. என் தங்கச்சி கோமதி அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கொழுந்து பறிக்கிற பிள்ளை. இப்போது நான்கு மாதக் கர்ப்பம். போன வருடம் ஒன்று தங்காமல் போய்விட்டது. இந்த முறை வாயில் வைப்பதெல்லாம் திரும்பி வருகிறது, எடை குறைந்துகொண்டே போகிறது. வியாழக்கிழமை கிளினிக்கில் இன்னும் குறைந்திருந்தால் டிக்கோயா ஆஸ்பத்திரி வார்டில் வைக்க வேண்டிவரும் என்று மிட்வைப் சொல்லிவிட்டார். கொழும்பில் கடையில் நிற்கிற அவள் புருஷனுக்கு லீவு இல்லை. எனக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

கொழும்புக் கோட்டையில் காலை 5.55 ரயில். ஹட்டனுக்குப் பதினொரு மணியளவில் போய்ச் சேரும். சீட்டை முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் நின்றுகொண்டே போக வேண்டியதுதான். ரயில் வடையைப் பற்றி எல்லோரும் உருகுகிறார்கள். என்னைக் கேட்டால் அது எண்ணெய் குடித்த பருப்பு, கூடவே தரும் பொரித்த மிளகாயால் தப்பிக்கிறது. அன்றைக்கு அதைக்கூட வாங்கவில்லை. சுரங்கத்துக்குள் சிக்னல் போகும்போதெல்லாம், அந்த நேரம் பார்த்துக் கோமதி வீட்டிலிருந்து போன் வந்ததோ என்று வெளியே வந்ததும் எடுத்துப் பார்த்தேன்.

ஹட்டன் சந்தையில் லீக்ஸ், உருளைக்கிழங்கு, இஞ்சி, சாறு பிழியத் தேசிக்காய், தேங்காய், நூடுல்ஸ் என்று இரண்டு பை நிரப்பினேன். மஸ்கெலியா பஸ் ஒரு மணி நேரம் எடுக்கிறது, கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர். அங்கிருந்து தோட்டத்துக்கு ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எழுநூறு ரூபாய்.

"சமையலுக்கா வந்திருக்கீங்கண்ணே, கல்யாணமா?" என்றார் டிரைவர், பைகளைப் பார்த்து.

"தங்கச்சிக்கு முடியல. மாசமா இருக்கு, ஒண்ணும் இறங்க மாட்டேங்குது."

"அப்ப மெதுவாப் போறேங்க." தங்கச்சி ஆட்டோவில் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு குழியிலும் அந்த மனிதர் உருட்டி உருட்டித்தான் இறக்கினார்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் கோமதியைப் பார்த்ததும் என் தைரியம் போய்விட்டது. வளையல் முழங்கை வரை ஏறுகிற அளவுக்குக் கை மெலிந்திருந்தது. அன்றிரவு இஞ்சி ரசம் வைத்தேன். உடம்புக்கு முடியாதவர்களுக்கு ரசம்தான் மருந்து என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். தாளித்த வாசனைக்கே அவள் வெளியே ஓடினாள். திங்கட்கிழமை தேசிக்காய்ச் சோறு, லீக்ஸும் கிழங்கும் பிரட்டல், கடைசியில் நூடுல்ஸ். "ஒரு பிரியாணி பார்சல் வாங்கிக் குடுங்க மச்சான்" என்று போனில் அவள் புருஷன் யோசனை சொன்னார். பிரியாணியால் எதுவும் சரியாகும் என்று நம்புகிற ஆண்களை என்ன செய்வது?

ஒவ்வொரு தட்டிலும் இரண்டு வாய் எடுத்து, "நல்லா இருக்குண்ணே" என்று நகர்த்தி வைத்தாள். அதுதான் எனக்கு அதிகப் பயம். என் சமையலைக் கோமதி ஒருநாளும் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. அவள் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், வழக்கம்போல மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட்டார். லயமே காலி. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தால், கோமதி லயத்து மூலையில் மலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்னா பாக்குற?"

"பன்னெண்டு மணிக்கு சரோஜாக்கா ரொட்டியப் பிரிக்கும்."

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டபோதுதான் விவரம் தெரிந்தது. மலையில் சரோஜாக்கா உட்பட அவள் கூட்டத்துப் பெண்கள் ஆறு பேரும் தங்கள் ரொட்டியைத் தாங்களே தின்பதில்லையாம். பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துவிட்டு அவளுடையதை வாங்கிக்கொள்வார்கள். அத்தை வேலையை நிறுத்தச் சொன்னதிலிருந்து கோமதி தன் கையால் சுட்டதைத் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"போவமா?"

"அத்த ஏசும்ண்ணே. சறுக்குற எடம், மலப்பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கு."

அத்தை சொன்னது நியாயம். போன வருடத்துக்குப் பிறகு யாருக்குத்தான் பயம் இருக்காது? ஆனால் மத்தியானம் கொழுந்து நிறுப்பதும் ரொட்டி பிரிப்பதும் ரோட்டோரத்தில்தான். அதுவரை வண்டிப் பாதை. அவசரமாக ரொட்டி சுட்டேன். பட்டர், தேங்காய்ப்பூ எல்லாம் தாராளமாகப் போட்டு மெத்தென்று. என் ரொட்டியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு கல்லையும் நான் முதலில் மிதித்துப் பார்த்தேன். விழுந்தால் யாருக்குப் பதில் சொல்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

எங்களைக் கண்டதும் அத்தையின் முகம் இருண்டது. "இந்தப் புள்ளைய ஏங்க இங்க கூட்டியாந்தீங்க?" என்றார். வேலையை மேற்பார்க்கிற கங்காணியும் முறைத்தார். சரோஜாக்கா சாக்கை உதறிப் போட்டு, பக்கத்தில் இடம் விட்டார். என் ரொட்டி கைமாறிப் போனது. "இது ரொட்டியா, கேக்கா?" என்று யாரோ கேட்டார்கள். சரோஜாக்கா தன் ரொட்டியைக் கோமதி கையில் வைத்தார். தடியானது, ஓரம் கருகியது, ஆறிப்போய் விறைத்தது, நடுவில் இடித்த சம்பல்.

கோமதி பிட்டு வாயில் போட்டாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது துண்டு. மூன்றாவது. இப்போது ஓடுவாள், இப்போது ஓடுவாள் என்று காத்திருந்தேன். ஓடவில்லை. "சம்பலுக்குத் தேசிக்கா காணாதுக்கா" என்று சரோஜாக்காவிடம் குறை சொல்லிக்கொண்டே முழுவதையும் தின்றாள். அத்தை திரும்பி உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நல்லதுன்னுதானே தனியா வச்சேன்" என்றார். எனக்கும் அழுகை வந்தது. கொழுந்து நிறுப்பதை வேடிக்கை பார்ப்பதுபோல எழுந்து போய்விட்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மே மாதத்திலும் ஸ்வெட்டர் வேண்டும். தேங்காயும் மரக்கறியும் மஸ்கெலியாவிலேயே கிடைக்கும், என்னைப்போலச் சுமக்க வேண்டாம். வேலை நேரத்தில் மலைக்குள் கேட்காமல் நுழையவோ படம் எடுக்கவோ கூடாது. ரொட்டிக்கு இரண்டு கோப்பை கோதுமை மா, ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, உப்பு, பச்சைத் தண்ணீர் போதும். தடியாகத் தட்டி, நெருப்பைக் குறைத்துச் சுட்டு, துணியில் சுற்றி ஆறவிடுங்கள். ரொட்டியைச் சூடாகத்தான் தின்ன வேண்டும் என்று இந்த வலைப்பதிவில் எங்காவது எழுதியிருந்தால் அழித்துவிடுகிறேன். சாப்பிட முடியாத ஒருவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், என்ன சமைக்கட்டும் என்று கேட்பதற்கு முன், யாரோடு சாப்பிடுவீர்கள் என்று கேளுங்கள்.

புதன்கிழமை கொழும்பு திரும்பிவிட்டேன். வியாழன் காலை முழுக்க வேலை ஓடவில்லை. பன்னிரண்டரைக்குக் கோமதியே கூப்பிட்டாள். பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம்.

"எடை ஏறலண்ணே. எறங்கவும் இல்ல. இப்பதிக்கு வார்டு வேணாம்னு சொன்னாங்க. கிளினிக் முடிஞ்சதும் அத்ததான் ரோட்டுக்குக் கூட்டியாந்துச்சு."

"வேற என்னா சொன்னாங்க? மருந்து குடுத்தாங்களா? வாந்தி வந்துச்சா?"

பதில் இல்லை. "கோமதி?" என்றேன். பெண்களின் பேச்சு மட்டும் கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பொறுங்கண்ணே," என்றாள் கடைசியில். "வாயில ரொட்டி இருக்கு."