மரகதத்தின் ஊதாச் சதுரம்

கோணிய சதுரம்

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு நான் வேலைக்குத் திரும்பிய காலை, மரகதம் சிகிச்சை மேசையில் படுத்ததும் அவளுடைய காறையெலும்புக்கருகே இருந்த ஊதாச் சதுரம் கோணிப் போனது. உட்கார்ந்திருந்தபோது அது நேராக இருந்தது. பள்ளிக்கூடக் கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல அவ்வளவு நேர். அதைக் கண்டதும் நான் மெசினைத் தொடங்கவில்லை.

நேராக இருந்தால் நல்லதுதானே என்று புதிதாக வேலை பழக வந்திருக்கும் நீங்கள் கேட்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் கோடு போடுவது நோயாளி மல்லாந்து படுத்திருக்கும்போது. அவர் எழுந்து உட்கார்ந்தால் தோல் இறங்கும், சதுரம் சரியும். உட்காரும்போது நேராகவும் படுக்கும்போது கோணலாகவும் இருக்கிற சதுரத்தை எங்களில் யாரும் போட்டிருக்க முடியாது. யாரோ கண்ணாடிக்கு முன்னால் நின்று போட்டது அது.

மெசின்

மரகதத்தின் கதைக்கு முன் மெசினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உடம்புக்குள் ஆழமாகக் கதிர் விடும் எங்கள் ஆஸ்பத்திரியின் ஆழ எக்ஸ்றே மெசின் உலகச் சண்டைக்கு முன்பு கப்பலில் வந்தது. அதன் உயிர் ஒரு கண்ணாடிக் குழாயில் இருக்கிறது. குழாயின் ஒரு முனையில் சூடேறிய கம்பியிலிருந்து எலெக்ட்ரோன்கள் புறப்படும். உயர் அழுத்த மின்சாரம் அவற்றை வேகமாக இழுத்து மறுமுனையில் உள்ள உலோகத்தில் மோதவிடும். அந்த மோதலில் பிறக்கும் கதிரைச் செப்புத் தகட்டில் வடிகட்டி, கோன் என்ற கூம்புக் குழாய் வழியாக நோயுள்ள இடத்துக்கு விடுகிறோம். நாம் ஈயச் சுவருக்கு இப்பால் மேசையில் இருந்துகொண்டு கிலோவோல்ட் ஊசியையும் மில்லியம்பியர் ஊசியையும் பார்த்தபடி இருக்க வேண்டும். பட்டணத்து மின்சாரம் ஒரே சீராக வருவதில்லை. பக்கத்து ஐஸ் கம்பனியின் மோட்டார் தொடங்கினால் ஊசி விழும். கைச்சக்கரத்தை மெல்லத் திருப்பி அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். மோட்டார் நின்றால் ஊசி துள்ளும், அப்போது எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். கண்ணை எடுக்க முடியாத வேலை.

குழாய் பழையதாகிவிட்டது. மாற்றுக் குழாய் இல்லை. காலையில் எடுத்த எடுப்பில் முழு அழுத்தத்தைக் கொடுத்தால் உள்ளே பொறி பறக்கும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழக்க வேண்டும். மெசினைப் பராமரிக்கும் பியதாஸ அதற்குக் கிழவி என்று பெயர் வைத்திருந்தார்.

"மிஸ்ஸி, கிழவியை அவசரப்படுத்தாதீங்க. அவ தேத்தண்ணி குடிச்சுத்தான் எழும்புவா."

டொக்டர் ஒருநாள் ஒரு சஞ்சிகையைக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டினார். அமெரிக்காவில் பெரிய காந்தத்துக்கு நடுவே அணுத்துகள்களைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் வேகமேற்றும் சைக்ளோட்ரான் என்ற யந்திரத்தின் படம் அதில் இருந்தது. அதைக் கொண்டும் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்து பார்க்கிறார்கள் என்றார். நான் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பியதாஸ எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது சுத்தட்டும் சேர். எங்களுக்கு இந்த ஊசி சுத்தாம ஒரு இடத்தில நிண்டா போதும்."

ஊசி நின்றாலும் கதிர் சரியான இடத்தில் விழ வேண்டும். அதற்குத்தான் ஊதா மையால் போடும் சதுரம். சதுரத்துக்குள் கோன் அமரும். ஒரு விரல் தள்ளினாலும் நோய் ஒரு பக்கம், கதிர் ஒரு பக்கம். அதனால் முதல் நாளே எல்லா நோயாளிகளிடமும் ஒரு வசனத்தைச் சொல்லி அனுப்புவது எங்கள் அறையின் வழக்கம்: "கோடு அழிஞ்சா எல்லாம் பழுது. அதில தண்ணி படக் கூடாது." டொக்டர் ஆங்கிலத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். அவர் சொன்னதைவிட என் தமிழ் கடுமையாக இருந்ததா என்று இப்போதும் சில நேரம் யோசிக்கிறேன்.

மரகதம்

மரகதம் கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் இருந்தாள். தோட்டம் என்றால் மரம் செடி இல்லை. ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், எல்லோருக்கும் ஒரே பைப். அவளுடைய புருஷன் சண்முகம் தெருமுனையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். மார்பில் கட்டி வந்து அறுவை செய்தபின், காறையெலும்புக்கு மேலே நெறி கட்டியிருந்ததால் முதலில் மார்புக்கும் பிறகு நெறிக்கும் கதிர் கொடுக்க டொக்டர் அவளை எடுத்தார். நேரத்தோடு பிடித்துவிட்டோம், நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. இரண்டு பிள்ளைகள், சின்னது பால்குடி. அறுவைக்குப் பிறகு அதற்குப் புட்டிப்பால்.

"உங்க பாப்பா உங்ககிட்ட பால் குடிக்குதாங்கம்மா?" என்று முதல் வாரமே கேட்டாள்.

"ஓம்."

"குடுத்து வச்ச பிள்ளை."



என் மகனுக்குக் காய்ச்சல் வந்த வாரம் நான் வெள்ளவத்தையில் வீட்டோடு நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. அந்த வாரம் மரகதத்துக்குச் சிகிச்சை கொடுத்தவள் ரூத். பறங்கிப் பெண், கவனமானவள், ஆனால் தமிழ் தெரியாது. அவள் கோனைச் சதுரத்துக்குள் சரியாகத்தான் வைத்தாள். சதுரம்தான் இடம் மாறியிருந்தது.

நான் திரும்பிய காலை, மரகதத்தை எழுப்பி உட்கார வைத்துக் கேட்டேன்.

"மரகதம், இந்தக் கோடு ஆர் போட்டது?"

"நீங்கதானேங்கம்மா போட்டீங்க."

"நாங்கள் போட்டது இதில்லை. அழிஞ்சுபோச்சா?"

அவள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். "ஏசாதீங்கம்மா."

"ஏசேல்லை. சொல்லு."

"எங்க தோட்டத்துல ஒரு சாவுங்க. பக்கத்து அறை. போகாம இருக்க முடியுமா? போயிட்டு வந்து தலை முழுகாம எப்படி உள்ள போறது, பச்சப் பிள்ளை கிடக்கிற வீடு. ஒரு பக்கமாத்தான் ஊத்தினேன். தண்ணிக்கு அது தெரியுமா? இறங்கிடுச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "அவரு கடையில காப்பிப் பென்சில் இருந்துச்சு, எச்சி பட்டா ஊதாவா எழுதுமே, அது. நக்கி நக்கிக் கண்ணாடியப் பாத்துப் போட்டேன். கோடு அழிஞ்சா எல்லாம் பழுதுன்னு சொன்னீங்களே, அதான் அழியாம வச்சுக்கிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது உண்மை. சொல்லியிருந்தால் மறுபடி போட்டிருப்போமே என்று வாய் வரை வந்தது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் நான் கிணற்றடிக்குப் போய்த் தலையில் வார்த்த பிறகுதான் பிள்ளையைத் தூக்குவேன். கதிர் உடம்பில் ஒட்டாது, சுவிட்சை நிறுத்தினால் அதோடு சரி என்று படித்தவள் நான். டொக்டரிடமும் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டவள். இருந்தும் வார்ப்பேன். அவளை என்ன சொல்லி ஏசுவது?

டொக்டர் வந்து பழைய அளவை வைத்துப் பார்த்தார். பென்சில் சதுரம் கீழே இறங்கியிருந்தது. நெறி இருந்த இடத்துக்கு அந்த வாரம் முழுவதும் ஒன்றும் போகவில்லை. கீழே, மார்பில் முன்பே கதிர் வாங்கிய தோல் மறுபடி வாங்கிச் சிவந்து, பொருக்கு விடத் தொடங்கியிருந்தது. அவ்வளவு சுத்தமான கோட்டை எப்படிச் சந்தேகிப்பது என்று ரூத் ஆங்கிலத்தில் சொல்லி அழுதாள். அவள்மேல் பிழை சொல்ல எனக்கு முடியவில்லை. நான் வந்திருந்தால் என்ற எண்ணம் மட்டும் விடவில்லை. வந்திருந்தால் பிள்ளையின் நெற்றியில் யார் கை வைத்துப் பார்த்திருப்பார்கள் என்ற எண்ணமும் விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் இன்னும் எனக்கு ஒரு முடிவு கிடைக்கவில்லை.

டொக்டர் புதிய சதுரத்தைச் சரியான இடத்தில் போட்டார். "தோல் ஆறட்டும். பிறகு மேலே தொடங்குவோம். கோடு இருக்கட்டும் என்று சொல்லுங்கள்."

சொன்னேன். மரகதம் தலையாட்டினாள். "இனிச் சாவு வீட்டுக்கே போக மாட்டேங்கம்மா."

கிழவி

தோல் ஆறிக்கொண்டு வந்தது. களிம்பு போட வரும்போதெல்லாம் ரூத் கோட்டின் மேல் மை தடவிப் புதுப்பித்து அனுப்பினாள். அடுத்த கிழமை தொடங்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அதற்குள் ஒரு காலை, நான் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது, மில்லியம்பியர் ஊசி ஒரேயடியாக மேலே போய் அடித்து விழுந்தது. உள்ளே விறகு வெடித்தது போல ஒரு சத்தம். பியதாஸ ஓடிவந்து மெயின் சுவிட்சை இழுத்தார். மூடியைக் கழற்றிப் பார்த்தார். குழாயின் கழுத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு.

"கிழவி போயிட்டா மிஸ்ஸி," என்றார். பகிடியாகச் சொல்லவில்லை.

சீமைக்குத் தந்தி போனது. சண்டை முடிந்து, கப்பல்கள் எல்லாம் பட்டாளத்தை ஊருக்கு ஏற்றிக்கொண்டிருந்த காலம். எங்கள் கண்ணாடிக் குழாய்க்கு எப்போது இடம் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சண்முகம் கடையை மூடிவிட்டு வந்து வாசலில் நிற்பார்.

"மெசின் சரியாச்சுங்களா?"

"இன்னும் இல்லை அண்ணை."

"சரிங்க, வரும்போது வரட்டும்." ஒவ்வொரு தடவையும் இதைத்தான் சொல்வார். அவர் என்னைச் சமாதானப்படுத்துவதுபோல இருக்கும்.

முதலில் மரகதமும் வருவாள், ரூத் கோட்டைப் புதுப்பித்து அனுப்புவாள். பிறகு அவள் வருவது நின்றது. குழாய் வந்து, பியதாஸ அதைப் பொருத்திப் பழக்கி முடித்த அன்று சண்முகம் தனியாகத்தான் வந்தார். டொக்டர் என்னைக்கொண்டு சில கேள்விகள் கேட்டார். இருமல் இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, படுக்க முடிகிறதா. படுக்க முடியவில்லை, தலையணைகளில் சாய்ந்தபடியே இருக்கிறாள் என்றார் சண்முகம். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோய் நெஞ்சுக்குள் போய்விட்டது, இனிக் கதிர் பயன்படாது என்று அவர் சொன்னதை நான் தமிழில் சொல்வதற்கு முன்பே சண்முகத்துக்கு விளங்கிவிட்டது.

"அம்மா, நீங்க ஒருக்கா வீட்டுக்கு வந்து சொல்லணும்," என்றார். "நான் சொன்னா கேக்க மாட்டா. இத்தன நாளா அவ குளிக்கலைங்க. ஈரத் துணியால சுத்தித் துடைச்சுக்கிறா, அந்தப் பக்கம் தொட விட மாட்டா. மெசின் வரும், கோடு இருக்கணும்ங்கிறா. தீபாவளிக்குக்கூட எண்ணெய் வைக்கல."

கொட்டாஞ்சேனை

சனிக்கிழமை பின்னேரம் போனேன். முற்றத்துப் பைப்படியில் பெண்கள் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். மரகதம் அறைக்குள் சாய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் மூச்சு வாங்கியபடி சிரித்தாள்.

"பாப்பா நடக்குதாங்கம்மா?"

"ஓம், பிடிச்சுப் பிடிச்சு நடக்கிறான்."

தலைப்பை விலக்கிக் காட்டினாள். உடம்பு வற்றியிருந்தது. சதுரம் மங்கிச் சாம்பல் நிறமாகியிருந்தது. ஆனால் நாலு மூலையும் இருந்தன. "இந்தத் தடவை நான் கையே வைக்கலைங்கம்மா. பாருங்க, நீங்க போட்ட கோடுதான்."

"ஓம். அப்பிடியே இருக்கு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மரகதம், நீ இனிக் குளிக்கலாம்," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப இனி மெசினுக்கு வர வேணாங்களா?"

"வேண்டாம்."

அவள் தலைப்பை இழுத்து மூடவில்லை. சதுரத்தைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"தலைக்கும் ஊத்தலாங்களா?"

"ஓம். தலைக்கும்."

அவள் வாசல் பக்கம் திரும்பி, புருஷனிடம் வெந்நீர் வைக்கச் சொன்னாள்.

எங்கள் அறையில் முதல் நாள் சொல்லும் வசனத்தை இப்போது மாற்றியிருக்கிறோம்: "கோடு அழிஞ்சால் பயப்படாதேங்கோ, வந்து சொல்லுங்கோ, திருப்பிப் போடுவம்." மரகதம் இல்லாமல் போனபின் மாற்றியது. கோடு போட வரும் நோயாளி யாரிடமும், வீட்டில் சாவு, துடக்குத் தீட்டு, கலியாணம் ஏதும் வருகிறதா என்று முதலே கேளுங்கள். உட்கார வைத்து ஒருமுறை, படுக்க வைத்து ஒருமுறை சதுரத்தைப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. சிகிச்சை முடிந்தாலும், இடையில் நின்றாலும், இனிக் குளிக்கலாம் என்று அவர்களுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வராதவர்களுக்கு ஆள் விட்டாவது சொல்ல வேண்டும். சொல்லும்போது ஊசியைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். அதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். சிலருக்கு அப்போதுதான் விளங்கும்.