அட்டையில் என் மனைவி இல்லை

ஒரகடத்தில் வேலையை விட்டுவிட்டு, கம்பெனி கேட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். லைன் சூப்பர்வைசரோடு சண்டை. எனக்கு அது புதிதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து எந்த இடத்திலும் ஆறு மாதம் நிலைத்ததில்லை.

பாதி வழியில் மனைவி மல்லிகா கூப்பிட்டாள். "ரிசல்ட் வந்துடுச்சு. நீ வா." போனில் இவ்வளவு குறைவாகப் பேசுகிறவள் இல்லை அவள்.

அவள் மார்பில் கொண்டைக்கடலை அளவு கட்டி. வலி இல்லாததால் மூன்று மாதம் சும்மா இருந்தோம். பிறகுதான் பயாப்சி (கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை).

தண்டலம் பக்கத்து மருத்துவமனையில் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். புற்றுநோய்தான். முதலில் அறுவை சிகிச்சை, பிறகு கீமோ (நோயுற்ற செல்களை அழிக்க நரம்பில் ஏற்றும் மருந்து). "எவ்ளோ நாள்னு இப்ப சொல்ல முடியாது. நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க."

காப்பீட்டுக் கவுன்டரில் இருந்த பெண் கம்பெனி மூலம் எனக்குக் கிடைத்த காப்பீட்டு அட்டையின் எண்ணைத் தட்டிப் பார்த்தார். "உங்களுக்குக் கல்யாணமே ஆகலன்னு இருக்கே சார். இவங்க பேர் இல்ல."

நான்தான் அப்படி எழுதினேன். என்னைக் கம்பெனிக்கு அனுப்பிய ஒப்பந்தக்காரரின் விடுதியில் தனியாட்களுக்கு மட்டும்தான் இடம். குன்றத்தூர் வீட்டிலிருந்து ஷிஃப்டுக்கு வந்துபோவது சிரமம். வேலையில் சேரும் படிவம் நிரப்பும்போது விடுதிக் கட்டில்தான் கண்ணில் நின்றது. காப்பீட்டுக்கும் அதே படிவம்தான் போகும் என்று யோசிக்கவில்லை.

மல்லிகா என்னைப் பார்த்தாள். "ஒம்பது வருசமா பேச்சிலராவா கீற? சொல்லியிருந்தா நானும் வேற மாப்ள பாத்திருப்பேன்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சேத்துக்கலாம் சார்," என்றார் அந்தப் பெண். "ரேஷன் கார்டு, ஆதார் வச்சு கம்பெனி மூலமா மாத்தணும். வேலைல இருக்கீங்கல்ல?"

"காலைல வரைக்கும் இருந்தேன்."

அங்கிருந்தே ஒப்பந்தக்காரர் தாமஸ் அண்ணனுக்குப் போன் செய்தேன். "அண்ணே, என் பேரை எடுத்துட்டீங்களா?"

"இன்னும் எடுக்கல. இன்னாடா, சண்ட போட்டுகினு போன சூடு அதுக்குள்ள ஆறிடுச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர், "லைன்ல திரும்ப எடுக்க மாட்டான். வல்லம் வடகால்ல ஒரு கம்பெனி கேன்டீன்ல பாத்திரம் கழுவ ஆள் கேட்டாங்க. ஹாஸ்டல் கெடையாது. காலைல பேப்பரெல்லாம் எடுத்துகினு வா, மாத்தி அனுப்பிடலாம்" என்றார்.

உங்கள் வீட்டிலும் ஒரு சோதனை முடிவுக்குக் காத்திருந்தால், இன்றே அட்டையில் யார் பெயரெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். மல்லிகாவின் பெயர் ஏறப் பதினோரு நாள் ஆனது.

போன் செய்த மறுநாள் காலை, தாமஸ் அண்ணனிடம் பேப்பரைக் கொடுத்துவிட்டுப் போன என்னிடம் கேன்டீன் மேலாளர் ரப்பர் கையுறையை நீட்டினார். "வர்றவன்லாம் ஒரு வாரத்துல ஓடிடுறான். நீ எத்தினி நாள் இருப்ப?"

"சம்சாரத்துக்கு வைத்தியம் முடியிற வரைக்கும் சார்."

அது எப்போது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. தொட்டியில் கிடந்த முதல் சாம்பார் வாளியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினேன்.