நாத்தனார் முடிச்சு

தாலி கட்டும்போது முதல் முடிச்சுதான் மாப்பிள்ளையுடையது. மற்ற இரண்டையும் அவனுடைய சகோதரி போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அண்ணனுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். "அந்த முடிச்சு உன்னுதுடி. நீ வராம யாரு போடுவா?" என்று நிச்சயதார்த்தத்தன்றே அம்மா போனில் சொல்லிவிட்டாள்.

பினாங்கில் எனக்கு அது ஆராய்ச்சிப் படிப்பின் ஆறாவது வருடம். மாணவர் விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் திரும்பி வரவில்லை. விசா அலுவலகக் கவுண்டருக்கு நடையாய் நடந்தேன். அங்கிருந்தவர் ஒவ்வொரு முறையும் மரியாதையாகக் காத்திருக்கச் சொன்னார். கொஞ்சம் முறைத்திருந்தாலாவது மனசுக்குள் திட்டியிருப்பேன், அதற்கும் வழியில்லை.

நான் குடியிருந்த சுங்கை பினாங்குப் பகுதியில் நான் 'இந்தியாக்காரப் பொண்ணு'. ஊரில் உறவுக்காரர்களுக்கு 'மலேசியாக்காரி'. மலேசியத் தமிழர்கள் மாதிரி வார்த்தைக்கு வார்த்தை 'லா' போடுகிறேன் என்று அண்ணன் கேலி செய்வான். இப்படி இரண்டுங்கெட்டானாக இருப்பதைச் சிரித்துத் தள்ளப் பழகியிருந்தேன். முடிச்சை மட்டும் அப்படித் தள்ள முடியவில்லை. அந்த வீட்டில் எனக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான் என்று பயமாக இருந்தது.

முகூர்த்த நாளும் வந்தது, பாஸ்போர்ட் வரவில்லை. அறையில் தனியாக இருந்தால் அழுதுவிடுவேன் என்று கீழே சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். தேநீர் சொல்லிவிட்டு, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். மாமா மகன் வீடியோவில் மேடையைக் காட்டினான். எனக்கென்று எடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, மணப்பெண்ணுக்குப் பின்னால் சித்தப்பா மகள் நின்றாள். அவள்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? யாராவது நின்றுதானே ஆக வேண்டும்.

கெட்டிமேளம் கொட்டியது. அவள் குனிந்து முடிச்சைப் போட்டாள். எல்லோரும் அட்சதை தூவிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அம்மா உட்பட. ஒரு குறையும் இல்லாமல் கல்யாணம் நடந்துவிட்டது.

தேநீரைக் கொண்டுவந்த கடைக்கார அக்கா போனை எட்டிப் பார்த்து, யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டார். என் அண்ணன் கல்யாணம் என்றால், ஏன் போகவில்லை என்று கேட்பார். முழுக் கதையையும் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணம் என்றேன்.

"முடிச்சு போட்ட பொண்ணு மாப்பிள்ளைக்குத் தங்கச்சியா?"

"ஆமாங்க்கா."

"அதான் பாத்தேன். அண்ணன் மூஞ்சி அப்படியே இருக்குலா," என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த மேசையைத் துடைக்கப் போனார்.