காலடி மண் கலந்த காபி

அந்தப் படத்தில் சூனியக்காரி முறத்தில் ஏறிப் பறப்பாள். முறத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும் கம்பிகள் தெளிவாகவே தெரியும். ஏரிக்கு மேலே அவள் திரும்பும்போது பின்னாலிருக்கும் நிலா லேசாக ஆடும். துணியில் வரைந்த நிலா. கலர்ப் படங்கள் சாதாரணமாகிவிட்ட எண்பதுகளின் தொடக்கத்தில், யாரோ ஒரு துணிச்சல்காரர் வேண்டுமென்றே பழைய மாயாஜாலப் படங்களின் பாணியில், கறுப்பு வெள்ளையில் அதை எடுத்திருந்தார். பயப்பட வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே முதுகு சில்லிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ படங்கள் பார்த்துவிட்டேன். அந்தக் கம்பிகள் மேல் எனக்கு வந்த மரியாதை வேறு எதன் மேலும் வந்ததில்லை.

தாம்பரம் ரயிலடிக்குப் பக்கத்துத் தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை மேட்னி. கூட்டிக்கொண்டு போனவள் அத்தை, அப்பாவின் தங்கை. ஆனால் வீட்டைப் பொறுத்தவரை நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணமாகாத பெண் தனியாகச் சினிமாவுக்குப் போகக் கூடாது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றால் போகலாம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முப்பது பேருக்குச் சொல்லிக்கொடுப்பவளுக்கு நான் காவல்.

கதை இதுதான். சூனியக்காரி ஊர் ஆண்களுக்கு மோரில் மருந்து கலந்து கொடுப்பாள். குடித்தவன் மூன்று தடவை தும்மி, எதிரில் யார் நிற்கிறார்களோ அவர் மேல் காதல் கொள்வான். பண்ணையார் தும்மியபோது எதிரில் எருமை நின்றது. அவர் அதற்கு ஒரு முழுப் பாட்டுப் பாடினார். மருந்து செய்யும் முறையையும் ஒரு பாட்டிலேயே சொல்லிவிட்டார்கள்: பெண்ணின் தலைமுடி ஒன்றில் ஏழு முடிச்சு, அவள் ஈரக் காலடி மண் ஒரு சிட்டிகை. தபால்காரர் ஒருவருக்கு மட்டும் மருந்து பலிக்கவில்லை. எத்தனை டம்ளர் குடித்தாலும் அவர் தும்மவில்லை. எருமை இனி வராது என்று தெரிந்ததும் எனக்குச் சலித்துவிட்டது. அத்தையின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். விளக்குப் போட்டு எழுப்பியபோது அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முடிவு என்ன என்று கேட்டேன். இன்னொரு தடவை வந்து நீயே பார்த்துக்கொள் என்றாள்.

அப்போது அத்தையை நான்கு பேர் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவருக்கு நிறம் போதவில்லை, ஒருவருக்கு ஜாதகம் ஒத்துவரவில்லை, மற்ற இருவர் பதிலே சொல்லவில்லை. ஐந்தாவதாகப் பள்ளிக்கரணையிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. இதுவும் தட்டிப்போனால் பொத்தேரியில் மனைவியை இழந்த ஒருவர் இருக்கிறார், இரண்டு குழந்தைகள், அதை முடித்துவிடலாம் என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அத்தை காதிலும் விழுந்திருக்க வேண்டும். அன்று அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

நான் முடிவு செய்துவிட்டேன்.

அத்தையின் சீப்பிலிருந்து நீளமான முடி ஒன்றை எடுத்தேன். முடியில் முடிச்சுப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வழுக்கும். ஏழு முடிச்சுக்கு அரை நாள் ஆனது. அடிபம்பில் தண்ணீர் அடித்துவிட்டு அவள் நடந்துபோன இடத்தில், குதிகால் பதிந்த மண்ணைக் கிள்ளித் தாளில் மடித்து டவுசர் பையில் வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை உயரமாக, கொஞ்சம் கூச்சத்தோடு இருந்தார். ஏதோ கம்பெனியில் ஃபிட்டர். அவருடைய அம்மா இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டு, எங்கள் வீட்டுச் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு நமஸ்காரம் செய்தாள். வழக்கமான கேள்விகள் முடிந்ததும் மாப்பிள்ளை அவளிடம், சினிமா பார்ப்பீர்களா என்று கேட்டார். அத்தை அந்தப் படத்தைச் சொன்னாள். தானும் அதை இரண்டு தடவை பார்த்ததாக அவர் சொன்னார். கம்பி தெரிந்ததைப் பற்றி ஒருவர் ஆரம்பிக்க, ஆடிய நிலாவைப் பற்றி இன்னொருவர் முடித்தார். இரண்டு பேரும் பெரியவர்களுக்கு முன்னால் சத்தமாகச் சிரித்துவிட்டார்கள். சமையலறை வாசலில் நின்றிருந்த எனக்கு, அவர் அத்தையைக் கேலி செய்கிறார் என்றே தோன்றியது. இனி தாமதிக்கக் கூடாது.

அம்மா காபியை ஊற்றி வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் பஜ்ஜி எடுக்கத் திரும்பினாள். மாப்பிள்ளைக்கு வெள்ளி டம்ளர் என்பது எனக்குத் தெரியும். முடியையும் மண்ணையும் அதில் போட்டுக் கலக்கினேன். அத்தை உள்ளே வந்து அதை எடுத்துக்கொண்டு போய் அவருக்குக் கொடுத்தாள்.

அவர் பாதி குடித்திருப்பார். முடி உதட்டில் ஒட்டித் தொங்கியது. அவருடைய அம்மா அதை இழுத்தெடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முடிச்சுகளை விரலால் நெருடி எண்ணினார். டம்ளரைச் சாய்த்து அடியில் கிடந்த மண்ணையும் பார்த்தார். எனக்கு அது சினிமாப் பாட்டு. அவருக்கு அது சினிமா இல்லை. அவர் ஊரில் அப்படிச் செய்தவர்களும் அதற்குப் பயந்தவர்களும் இருந்தார்கள்.

"இன்னாம்மா இது? எம்புள்ளைக்கு மருந்து வெக்கிறீங்களா?" என்றார்.

அப்பா படித்தவர், ஹைஸ்கூல் வாத்தியார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. அறையைச் சுற்றிப் பார்த்தவர் என்னைப் பார்த்தார். "டேய், நீ உள்ளதான இருந்த? காபியில யாரு என்ன போட்டது?"

உண்மையைச் சொல்ல எனக்கு அவகாசம் இருந்தது. ஒரு பையனின் விளையாட்டு என்று தெரிந்திருந்தால் முதுகில் நாலு அறையோடு முடிந்திருக்கும். ஒருவேளை எல்லோரும் சிரித்துமிருப்பார்கள். அந்த நாலு அறைக்குப் பயந்தேன்.

"எனக்குத் தெரியாதுப்பா. அத்தைதான் கலந்தாங்க."

அத்தை என்னை ஒரு தடவை பார்த்தாள். கோபப் பார்வை இல்லை. ஒரு டைப்பிங் தாளில் எங்கே தப்பு விழுந்தது என்று பார்ப்பது மாதிரி பார்த்தாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "காபித்தூள் தரையில கொட்டிடுச்சு. அள்ளிப் போட்டுட்டேன். முடி என்னோடதுதான், சிக்கு விழுந்திருக்கு. மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

அந்த அம்மாள் நம்பவில்லை. சிக்கில் எண்ணி வைத்தாற்போல ஏழு முடிச்சு விழாது. அவர் எழுந்து மகனின் கையைப் பிடித்தார். மகன் எழுந்திருக்கவில்லை. கீழே வைத்த டம்ளரை எடுத்து, மண்ணோடு மிச்சக் காபியையும் குடித்து முடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, டம்ளரை அத்தையிடம் நீட்டினார்.

"இன்னொரு டம்ளர் கெடைக்குமா?"

அத்தை சிரித்துவிட்டாள். அத்தனை பேர் உறைந்துபோய் நிற்கும் அறையில், வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். அவமானத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். அந்த அம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது.

"சிரிக்கிறா பாரு. வூட்ட வுட்டு எய்ந்திரு முதல்ல" என்று மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் பள்ளிக்கரணையிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டார் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் நழுவினார்கள். தரகர்கள் வரவில்லை. அடுத்த தை மாதம் அந்த மாப்பிள்ளைக்குத் தூரத்துச் சொந்தத்தில் கல்யாணம் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். பொத்தேரிக்காரரை அத்தை தானே வேண்டாமென்றாள். அப்பாவை எதிர்த்து அவள் பேசியது அந்த ஒரு தடவைதான். கடைசிவரை எங்களோடுதான் இருந்தாள். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் எனக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்தாள். ஒரு நாள்கூடக் குத்திக்காட்டியதில்லை. அவளைப் போல ஒரு மனுஷியை நான் பிறகு பார்க்கவில்லை. இதை அவள் இருக்கும்போதே நாலு பேருக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். இப்போது எழுதுகிறேன், அவளுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

தொண்ணூறுகளில் வீட்டுக்குக் கேபிள் வந்த பிறகு, ஒரு ஞாயிறு மதியம் அந்தப் படத்தைப் போட்டார்கள். நானும் அத்தையும் மட்டும் உட்கார்ந்து பார்த்தோம். கம்பிகள் டி.வி.யிலும் தெரிந்தன. இந்தத் தடவை நான் தூங்கவில்லை. தபால்காரர் நான்காவது டம்ளர் மோரையும் குடித்தார், தும்மவில்லை. சூனியக்காரி தன் குருவான கிழவியிடம் போய் அழுதாள். முன்னமே மனசைக் கொடுத்துவிட்டவனுக்கு எந்த மருந்தும் ஏறாது என்று கிழவி சொன்னாள். திரும்பி வந்தவளிடம் தபால்காரர் மீசையைத் துடைத்துக்கொண்டு டம்ளரை நீட்டினார்.

"இன்னொரு டம்ளர் கெடைக்குமா?"

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அன்னிக்கு அந்தக் காபியில..."

"தெரியும்டா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏழு முடிச்சும் சரியாத்தான் போட்டிருந்த."

அன்று அவர்கள் வாசல் இறங்கிப் போனபோது நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தும்முகிறாரா என்று தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். தும்மவில்லை. மருந்து பலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.