பக்கம் நிரம்பிய மனு

திருமங்கலத்துத் தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதிப் பிழைத்த வீரணனுக்கு இங்கிலீஷ் என்றால் ஒரு கிறுக்கு. தனி வாக்கியம் அவருக்குப் பிடிக்காது. அது சின்னப்பிள்ளைகள் எழுதுவதாம். 'அண்ட்' போட்டு இரண்டை ஒட்டும் தொடர் வாக்கியம், சரி, போனால் போகிறது. கலவை வாக்கியம்தான் அவருக்கு உயிர். நடுவில் ஒரு முதன்மை வாக்கியம், அதைச் சுற்றி ஏன், எப்போது, யார் என்று கிளை வாக்கியங்கள். முற்றுப்புள்ளியைக் கண்ணிலேயே காட்ட மாட்டார். மனு கேட்டு வருகிறவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? பக்கம் நிரம்பாவிட்டால், "என்னண்ணே, நாலு வரியில முடிச்சிட்டீக?" என்று முகம் சுளிப்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் பக்கத்துக் கிராமத்து நல்லகாமன் ஓடிவந்தார். குற்றப் பரம்பரை என்று கைரேகை பிடிக்கும் ரேகைச் சட்டத்தில் அவரைப்போலப் பேர் பதிந்தவர்கள், ராதாரி என்கிற அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியூர் போனால் அப்போது ஜெயில்தான். என்ன பாவிச் சட்டமோ!

"விளாங்குடியில கட்டிக்குடுத்த எம்மக மலையம்மா, பிள்ளை பெத்த காய்ச்சல்ல கெடக்குதாம்ணே. அப்பா, அப்பான்னு அனத்துதாம். இன்னைக்கே போகணும்ணே!"

வீரணனுக்கு மனசு பதறியது. இந்தப் பெண்ணுக்காகத் தன் வித்தை முழுவதையும் இறக்கிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தார். கெட்ட எண்ணமே கிடையாது. முழுப் பக்கம், ஒரே வாக்கியம். சீட்டு வேண்டும் என்கிற சங்கதி கடைசி வரியில் வந்தது.

அதிகாரி அஞ்சாறு வரி படித்துப் பார்த்தார். "என்னதான் கேக்கிறான் இவன்?" என்று சலித்துக்கொண்டு, மனுவைக் கட்டோடு ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் காலையில் கச்சேரிச் சேவகர் மருது சொல்லித்தான் வீரணனுக்கு இது தெரிந்தது. உடனே வேறு தாளை எடுத்தார். மகள் சாகக் கிடக்கிறாள், பார்க்கப் போக அனுமதி வேண்டும் என்று இரண்டே வரியில் நின்றபடியே எழுதி நீட்டினார். பத்து நிமிஷத்தில் சீட்டு வந்தது. நல்லகாமன் எதையும் கேட்காமல் அதை வாங்கிக்கொண்டு ஓடினார்.

அவர் விளாங்குடி போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து சனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டாம் நாள் நல்லகாமன் கச்சேரி வாசலுக்கு வந்தார். வீரணனுக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஏசட்டும், அடிக்கட்டும், வாங்கிக்கொள்வோம் என்று தலையைக் குனிந்துகொண்டார். நல்லகாமனோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"எனக்குக் குடுத்துவைக்கலண்ணே. நீங்க என்ன பண்ணுவீக? எம்மகளுக்காகப் பக்கம் பூரா எழுதினீகளே! வேற எவன் அம்புட்டு எழுதுவான்?"

நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல வீரணனுக்கு வாய் வரவில்லை. சாகிறவரைக்கும் வரவில்லை.