எண்பதக்கா ஜோடி சேர்த்த போன்கள்

அவளுடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவள் எண்பது. நேரில் கூப்பிடும்போது மட்டும் மரியாதைக்கு ஓர் அக்கா சேர்த்து எண்பதக்கா. வயது என்னவோ நாற்பத்தாறுதான். எண்பது வந்து ஒட்டிக்கொண்டது போன் பேட்டரியால். சலவைக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் உள்ளே போனால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டிய அளவில் ஒரு கடை வைத்திருக்கிறாள். போன்களுக்குப் புது பேட்டரி மாற்றித் தருவாள். தரும்போது, "எண்பது பர்சென்ட் ஆனதும் சார்ஜரைப் புடுங்கிடுங்க, இருபதுக்குக் கீழ விடாதீங்க, ரொம்ப நாள் உழைக்கும்" என்று சொல்லி அனுப்புவாள். சொன்னதோடு விட்டால் பரவாயில்லை. தெருவில் எதிர்ப்படுபவரின் போனை எட்டிப் பார்த்து, தொண்ணூற்றாறு என்று இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவள் வருவது தெரிந்தால் போனைப் பைக்குள் ஒளித்துக்கொள்பவர்கள் உண்டு.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். கணவர் பஸ் டிரைவர், நன்றாகச் சாப்பிடக் கூடியவர். மூன்றாவது முறை தட்டை நீட்டினால், "எண்பது ஆயிடுச்சு, போதும்" என்று பாத்திரத்தை மூடிவிடுவாள். "கல்யாணமானதுலேர்ந்து நான் நூறைப் பார்த்ததே இல்லப்பா" என்று அவர் கண்டக்டரிடம் புலம்புவார். மகள் ஒருமுறை போனைத் தலையணைக்கடியில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். "உன்னைப் போர்வையால மூடி வெயில்ல உக்கார வச்சா எப்படிடி இருக்கும்?" என்று ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அவளுடைய தொழில் ரகசியம் இதுதான். பேட்டரி புதுசாக இருந்தாலும் போன் பழைய பேட்டரியின் அளவையே நினைவில் வைத்திருக்கும். முப்பத்தைந்து சதவீதம் இருக்கிறது என்று காட்டும், நம்பிப் பேச ஆரம்பித்தால் பாதியில் அணைந்துவிடும். பொய் என்றால் எண்பதக்காவுக்கு ஆகவே ஆகாது, மனிதர் சொன்னாலும் சரி, போன் சொன்னாலும் சரி. அதனால் பேட்டரி மாற்றிய போனை உடனே கொடுக்க மாட்டாள். நூறு வரை ஏற்றி, ஆறவிட்டு, தானாக அணையும்வரை இறக்கி, மறுபடி ஆறவிட்டு, நடுவில் வயரைத் தொடாமல் ஒரே மூச்சில் நூறுக்கு ஏற்றுவாள். அந்த வேலைக்கு மட்டும் அவளே நூறைப் பொறுத்துக்கொள்வாள். அத்தோடு போனுக்குப் புது பேட்டரியின் அளவு பிடிபட்டுவிடும், காட்டுகிற சதவீதம் உண்மையாக இருக்கும். எதிர்க் கடையில் பதினைந்து நிமிடத்தில் மாற்றித் தருகிறார்களே என்று யாராவது சொன்னால், "அங்கேயே போங்க. பேட்டரி புதுசா இருக்கும், பொய் பழசாவே இருக்கும்" என்பாள்.

ஏற்றுவது சுலபம். இறக்குவதுதான் பாடு. படம் ஓட்டினால் வாடிக்கையாளரின் நெட் தீர்ந்துபோகும். யோசித்து யோசித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். இறக்க வேண்டிய இரண்டு போன்களை எடுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, மைக்கை அணைத்து, வெளிச்சத்தை முழுசாக வைத்து, பலகையில் எதிரெதிரே நிறுத்திவிடுவாள். ஒரு போன் அணையும்வரை இரண்டும் வாய் திறக்காமல் பேசிக்கொண்டிருக்கும். இதற்கு அவள் வைத்த பெயர் ஜோடி சேர்ப்பது. வேலை முடிந்ததும் இரண்டிலும் அந்த அழைப்பை அழித்துவிடுவாள். சுவரில் அவள் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கியது: உங்கள் போனுக்குள் எட்டிப் பார்க்க மாட்டோம்.

அன்று காலை ஜோடி சேர வேண்டியவை ஒரு நர்ஸின் போனும், நீச்சல் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்ணின் போனும். முந்தின நாள் தனித்தனி நேரத்தில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சீட்டில் எழுதியிருந்த நீச்சல்காரியின் எண்ணை நர்ஸின் போனில் அழுத்திக் கூப்பிட்டாள். திரையில் எண் மறைந்து ஒரு பெயர் வந்தது: பேசாதே.

எண்பதக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரில் இருந்த போனைப் பார்த்தாள். அதில் 'அக்கா' என்று மட்டும் மின்னியது. அக்காவும் தங்கையும் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய மூளை வேண்டியதில்லை. வேறு ஜோடி மாற்றியிருக்கலாம். கை கேட்கவில்லை. "மனுஷங்கதானே பேச மாட்டேங்கறாங்க, போன் பேசினா என்ன?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

நான்கு மணி பதினேழு நிமிடம் பேசியபின் நர்ஸின் போன் அணைந்தது. நீச்சல்காரியின் போனை டார்ச்சைப் போட்டு அணைய வைத்தாள். இரண்டையும் ஆறவிட்டுச் சார்ஜில் போட்டாள். ஏறி முடிந்ததும் அழைப்பை அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஆறரைக்குத்தானே வரச் சொல்லியிருக்கிறோம் என்ற தைரியம்.

மூன்றரைக்கே நீச்சல்காரி ஈரத் தலையோடு வந்து நின்றாள். "அவசரம்க்கா. எவ்வளவு ஏறியிருக்கோ அவ்வளவு போதும்." எண்பதக்கா வேண்டாம் என்று தடுப்பதற்குள் வயரைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டாள். எடுத்தவள் திரையைப் பார்த்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா கூப்பிட்டிருக்கா" என்றாள். "மூணு வருஷம் கழிச்சு கூப்பிட்டிருக்கா."

எண்பதக்கா துடைத்த பலகையையே மறுபடி துடைத்தாள்.

"குடும்பப் படத்துல என்னை மட்டும் வெட்டிட்டு அதை அவ போன்ல முகப்புப் படமா வச்சா. ஏன்டின்னு கேட்டதுக்கு, நீ கண்ணை மூடியிருந்தேன்னா. அன்னிக்கு வந்த சண்டை. நீயா கூப்பிடற வரைக்கும் நான் கூப்பிட மாட்டேன்னு ரெண்டு பேரும் சொல்லிட்டோம்." சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நாலு மணி நேரம் பேசியிருக்கா. நீங்கதானே எடுத்தீங்க? என்ன சொன்னா?"

உண்மையைச் சொன்னால் இந்த முகம் என்ன ஆகும் என்று எண்பதக்காவுக்குத் தெரியும். பொய் சொல்லவோ வாய் வராது. விளையாட்டு வினையாகிவிட்டதே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"ஒண்ணும் சொல்லலம்மா."

"நாலு மணி நேரமும் ஒண்ணும் சொல்லலையா?"

"லைன் மட்டும் அப்படியே இருந்துது. கட் ஆகல."

"அழுதாளா?"

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கல."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதை நினைத்தபோதுதான் எண்பதக்காவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. முப்பத்தைந்து என்று காட்டிவிட்டு அணைகிற போனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்?

"அவ அப்படித்தான்" என்று மூக்கை உறிஞ்சினாள் நீச்சல்காரி. "மனசுல இருக்கறது வாய்க்கு வராது. இருங்க, நானே கூப்பிடறேன்."

எண்பதக்கா திரும்புவதற்குள் பலகையில் நர்ஸின் போன் சத்தமில்லாமல் அதிர ஆரம்பித்தது. அதிர்ந்தபடியே நகர்ந்து விளிம்புக்கு வந்தது. சட்டென்று துடைக்கிற துணியை எடுத்து மேலே போட்டாள். துணியும் சேர்ந்து அதிர்ந்தது.

"எடுக்க மாட்டேங்கறா. வேலையில இருப்பா. இன்னொரு தடவை போடறேன்."

துணி மறுபடி அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் நிழல் தட்டியது. ஆஸ்பத்திரிச் சீருடையோடு நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள்.

"டியூட்டி சீக்கிரம் முடிஞ்சுது. என் போன்..." என்றவள் ஸ்டூலைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"நாலு மணி நேரம் லைன்ல இருந்துட்டு ஒரு வார்த்தை பேசக் கூடாதா?" என்றாள் தங்கை, காதில் போனோடு.

"யாரு? நானா? என் போன் நேத்துலேர்ந்து இங்கதான் இருக்கு!"

இரண்டு பேரும் சேர்ந்து எண்பதக்காவைப் பார்த்தார்கள். எண்பதக்கா திருதிருவென்று விழித்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, துணியை எடுத்தாள்.

"நான்தாம்மா பண்ணினேன். பேட்டரி இறங்கறதுக்காக இந்தப் போன்லேர்ந்து அந்தப் போனுக்குப் போட்டேன். யாரும் யாரையும் கூப்பிடல. தப்புதான். அந்த அட்டையை வேணும்னா கிழிச்சுப் போட்டுடுங்க."

நீச்சல்காரியின் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் அவள் காதிலிருந்து போனை எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவில்லை. பலகையில் நர்ஸின் போன் இன்னும் அதிர்ந்துகொண்டே இருந்தது. திரையில் பெரிதாக 'பேசாதே' என்று இருந்தது. தங்கை அதைப் படித்தாள்.

"என் பேரா அது?"

நர்ஸ் எட்டி அந்தத் திரையைக் கையால் மறைத்தாள்.

"இந்தம்மா போன்ல உங்களுக்கு அக்கான்னு மட்டும்தான் இருக்கு" என்றாள் எண்பதக்கா. "நான் பார்த்தேன். எட்டிப் பார்க்க மாட்டேன்னு எழுதி வச்சுட்டுப் பார்த்துட்டேன்."

நர்ஸின் காது சிவந்துவிட்டது. பலகையிலிருந்த போனை வயரோடு பிடுங்கி எடுத்தாள். "ஐயோ, பாதியில எடுக்கக் கூடாது!" என்று எண்பதக்கா அலறியதை அவள் காதில் வாங்கவில்லை. பொத்தானை அழுத்தி, இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்க்காமல், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"சொல்லு."

"நான்தான் பேசறேன்" என்றாள் தங்கை போனில்.

"தெரியுது."

"முதல்ல கூப்பிட்டது நீதான். என் போன்ல அப்படித்தான் இருக்கு."

"என் போன்ல நீ கூப்பிட்டதா இருக்கு. இப்பதான், ரெண்டு தடவை."

"அந்தப் பேரை முதல்ல மாத்துடி."

"மாத்தறேன். நீ அந்தப் படத்துல கண்ணை மூடியிருந்தது நிஜம்தான்."

தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தவளின் தோளும் குலுங்கியது. இரண்டு பேரும் போனைக் காதிலிருந்து இறக்கவே இல்லை. சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். எண்பதக்கா கையசைத்து அவரை விரட்டினாள். அவளுக்கும் மூக்கு அடைத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் தொழில் விடவில்லை. ஒன்றில் அறுபத்து மூன்று, இன்னொன்றில் ஐம்பத்தெட்டு. இரண்டும் பாதியில் பிடுங்கப்பட்டவை, அளவு பிடிபடாதவை, நாளையே பொய் சொல்லப் போகிறவை. அப்படி ஒரு போன் அவள் கடையிலிருந்து வெளியே போனதே இல்லை.

போய்விட்டு வருகிறோம் என்று ஒரே நேரத்தில் எழுந்தவர்களை வாசலில் மறித்துக்கொண்டாள்.

"நாளைக்கு ரெண்டையும் கொண்டு வாங்கம்மா. முதல்லேர்ந்து ஏத்தி, திரும்ப அணையற வரைக்கும் இறக்கித் தரேன்."

நர்ஸ் தங்கையின் ஈரத் தலையைத் தன் பையிலிருந்த துண்டால் துவட்டிக்கொண்டே திரும்பினாள்.

"ஏத்தி மட்டும் குடுங்க எண்பதக்கா. இறக்கறதை நாங்களே பார்த்துக்கறோம்."