வீரலட்சுமி வரைந்த தட்டு

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் லேத் பட்டறை வைத்திருந்தான் பிச்சைமணி. படகு இன்ஜின்களுக்கு வேண்டிய உருப்படிகளைக் கடைந்து கொடுப்பான். 1984-இல் அவனுக்கு ஒரு ஆசை வந்தது. லேத்தின் சுழல்தண்டு எந்த இடத்தில் நிற்கிறது என்பதை எண்ணாகக் காட்ட ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும். அது இருந்தால் ஒரே திருகில் இரண்டு மரைகள் ஓடும் இரட்டைப் புரி வெட்டும்போது இரண்டாவது புரியை எங்கே தொடங்குவது என்று தடுமாற வேண்டியதில்லை.

யோசனை எளிதுதான். தண்டின் பின்முனையில், விளிம்பைச் சுற்றிக் கீறல் போட்ட ஒரு தட்டு. அதற்கு ஒரு பக்கம் சின்ன பல்பு, மறுபக்கம் வெளிச்சத்தை உணரும் கண். ஒவ்வொரு கீறல் கடக்கும்போதும் எண் ஒன்று கூடும். தகரத்தில் அறுத்துப் பார்த்தான். கீறல்கள் நெருங்கியும் விலகியும் விழுந்தன. பாதிச் சுற்று என்று எண் காட்டிய இடம் பாதிச் சுற்றாக இல்லை.

அவன் மனைவி வீரலட்சுமி வெலிங்டன் தீவில் ஒரு கம்பெனியில் வரைபடங்களைப் பிரதி எடுக்கும் வேலையில் இருந்தாள். பட்டறையில் குவிந்த தகரங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"தகரத்த விடுங்க. நான் பெரிசா வரைஞ்சு தாரேன். ஸ்டூடியோவுல போட்டோ புடிச்சு சின்னதாக்குனா, என் கைப்பிசகும் சேந்து சின்னதாயிடும்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் தாளை விரித்துக் குனிந்திருந்தாள். கறுப்பு மைக் கோடுகள் வட்டமாக நிறைந்தன. அந்தப் படத்தின் பிலிமை இரண்டு கண்ணாடிப் பிளாஸ்டிக் வட்டுகளுக்கு நடுவே ஒட்டிப் பூட்டினான் பிச்சைமணி. எண்கள் பிசகவில்லை.

கேள்விப்பட்டு, எர்ணாகுளத்தில் பம்பு செய்யும் தொழிற்சாலையிலிருந்து மேலாளர் அனந்தநாராயணன் பார்க்க வந்தார்.

"பேஷா இருக்கே! இதை வரைஞ்சது ஆரு?"

வீரலட்சுமி அப்போதுதான் சாயா கொண்டுவந்தாள். பிச்சைமணி அவளைப் பார்த்தான்; பார்த்துக்கொண்டே, "நான்தான் சார்" என்றான்.

அவள் கிளாஸ்களை வைத்துவிட்டுப் போனாள்.

வேலைகள் குவிந்தன. மறு மழைக்காலத்தில் எண்ணெய் ஊறிப் பிலிம் மங்கியது. தாளில் வரைந்த படம் ஸ்டூடியோவிலேயே தொலைந்துபோயிருந்தது. இன்னொன்று வரைந்து தரும்படி வீரலட்சுமியிடம் கேட்டான்.

"நீங்க வரைஞ்சதுதானே? நீங்களே வரைங்க." குரலில் கோபமே இல்லை.

வரைந்தான். சுற்றி வந்து முடிக்கும்போது கடைசிக் கோட்டுக்கும் முதல் கோட்டுக்கும் நடுவே இடைவெளி ஒத்துவரவில்லை. எத்தனை முறை வரைந்தும் அப்படித்தான்.

அனந்தநாராயணன் மறுபடி வந்தபோது மனைவியைப் பட்டறைக்குள் அழைத்தான். "அந்தத் தட்ட வரைஞ்சது இவதான் சார். அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் சிரித்தார். "ஆத்துக்காரிதானே ஓய்! ஆரு வரைஞ்சா என்ன?"

அவர் போன பிறகு வீரலட்சுமி சொன்னாள்: "ஆபீஸ்ல நான் எடுக்கறதெல்லாம் அடுத்தவங்க படம். இத வரைஞ்சது யாருன்னு ஒரு மனுசன் கேட்டது அந்த ஒரு தடவைதான்."

மறுபடி அவளிடம் படம் கேட்கும் தைரியம் பிச்சைமணிக்கு வரவில்லை. பட்டறையை ஒரேயடியாக மூடிய நாள் வரை, லேத்தில் உருப்படியைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் சாக்பீஸால் கோடு போட்டு, கண்மதிப்பிலேயே இரட்டைப் புரி வெட்டினான்.